நாலு வருஷமாகத் தயாராகிறேன், ஒரு நிமிடம்கூடப் பதிவாகவில்லை

வாடைக்கடல் (தங்கச்சிமடம்) | திங்கள், இரவு 10.42

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தாத்தாவுக்கு 84 வயது. 1964 டிசம்பரில் புயல் வந்து தனுஷ்கோடி போனபோது அவர் இளவட்டம். அதற்குப் பிறகு தங்கச்சிமடத்துக்கு வந்து ஒண்டிய குடும்பம் எங்களுடையது. கரைவலை, வத்தைப் படகு, கடைசியில் பைபர் படகு என்று 60 வருஷம் கடலில் கிடந்தவர். அவர் பேசும்போது வருகிற சொற்களில் பாதி எனக்குத் தெரியாது. காற்றுக்கு ஒரு பெயர், அது கொஞ்சம் திரும்பினால் வேறு பெயர். நீவாட்டுக்கு (கடல் நீரோட்டத்துக்கு) தனி, மேகத்துக்குத் தனி, கடலடியில் பார் (பாறைத் திட்டு) கிடக்கிற இடத்துக்கும் சேறு கிடக்கிற இடத்துக்கும் தனி.

இதையெல்லாம் பதிவு செய்து ஒரு சொல் தொகுப்பாக்க வேண்டும் என்று நாலு வருஷத்துக்கு முன்னால் முடிவெடுத்தேன். அதிலிருந்து நான் செய்திருக்கும் வேலைகள்: எக்ஸெல் தாள் ஒன்று, அதில் 14 பத்திகள், அந்தப் பத்திகளுக்குப் பெயர் மட்டும் மூன்று முறை மாற்றம். பழைய விலைக்கு ஒரு மைக். ஒலியைச் சுத்தம் செய்வது எப்படி என்று யூடியூபில் ஏறக்குறைய ஒரு பட்டப்படிப்பு. தெற்கிலிருந்து வரும் காற்றைச் சோளகம் என்று எழுதுவதா, சோழகம் என்று எழுதுவதா என்று முடிவாகாததால் 'காற்று' என்ற தாள் இன்னும் காலி.

பதிவு மட்டும் இல்லை. விசைப்படகுகள் ஓடுகிற நாளில் இன்ஜின் சத்தம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், அப்போது அமைதியாக இருக்கும் என்று பார்த்தால் கரையேற்றிய படகுகளில் நாள் முழுக்கச் சுத்தியல். மார்கழியில் மைக் செட். மற்ற மாதங்களில் காற்று. இந்த ராமேஸ்வரம் தீவில் காற்றில்லாத நாளுக்குக் காத்திருந்தவன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

போன வாரம் சாப்பிடும்போது தாத்தா ஒரு மீன் பெயரைத் தேடினார். "அது... நீளமா, முள்ளா இருக்குமே" என்று கையால் காட்டினார். வரவில்லை. முள்ளுவாளை என்று அம்மாதான் எடுத்துக் கொடுத்தாள். ஆமா என்று தலையாட்டிவிட்டுச் சாப்பிட்டார். எனக்குச் சோறு இறங்கவில்லை. எனக்கே தெரிந்த ஒரு பெயர் அவருக்கு வரவில்லை என்றால், எனக்குத் தெரியாதவை எத்தனை போயிருக்கும்?

சோம்பேறி என்று திட்டாதீர்கள். நான் சோம்பேறி இல்லை, அதுதான் பிரச்சினையே. எப்படித் தொடங்குவது என்று சொல்லுங்கள்.

தொண்டிக்காரன் | திங்கள், இரவு 11.05

சோழகம்தான். ழகரம். இதில் என்ன சந்தேகம்?

வாடைக்கடல் | திங்கள், இரவு 11.07

அண்ணே, தாத்தா வாயில் ளகரம்தான் வருகிறது.

தொண்டிக்காரன் | திங்கள், இரவு 11.09

அதற்குத் தாத்தா என்ன செய்வார். எழுதும்போது சரியாக எழுத வேண்டாமா?

ஓலைக்கொட்டான் (சாயல்குடி பக்கம்) | செவ்வாய், காலை 6.20

இரண்டு பேரும் இப்படியே பேசிக்கொண்டிருந்தால் தாத்தாவுக்கு 90 ஆகிவிடும்.

தம்பி, நான் பனை ஓலையில் கொட்டான், பெட்டி முடைகிறவள். பத்துப் பன்னிரண்டு பெண்பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அதில் ஒன்று ஓலையைக் கிழித்துக் கிழித்துப் பார்த்துக்கொண்டே இருக்கும். எல்லாக் கீற்றும் ஒரே அகலம் வேண்டுமாம். மத்தியானம் ஆகும், குருத்தோலை காய்ந்து விறைத்துவிடும், அப்புறம் மடிக்கப் போனால் முறியும். அந்தப் பிள்ளையிடம் நான் சொன்னது ஒன்றுதான். முதல் கொட்டான் எனக்கு, விற்க இல்லை. கோணலாக வந்தால் அதில் வெங்காயம் போட்டு வைப்பேன். வெங்காயத்துக்குக் கோணல் தெரியாது.

அன்றைக்குச் சாயங்காலமே முடைந்துவிட்டாள். சொன்னபடி கோணல்தான். வெங்காயம் இன்னும் அதில்தான் கிடக்கிறது.

உங்கள் முதல் பதிவை யாருக்கும் போட்டுக் காட்டப் போவதில்லை என்று வைத்துக்கொண்டு செய்து பாருங்கள்.

உளியும்சுத்தியலும் (மண்டபம்) | செவ்வாய், காலை 9.48

ஒரு மாற்றுக் கருத்து. நான் படகு வேலை பார்க்கிற ஆசாரி. மேலே தம்பி புகார் சொன்ன சுத்தியல் சத்தத்தில் என் பங்கும் இருக்கலாம், மன்னிக்கவும்.

இப்போதெல்லாம் எதற்கெடுத்தாலும் "தப்பாயிருந்தாலும் பரவாயில்லை, தொடங்கு" என்கிறார்கள். எனக்கு அது பிடிக்காது. மரப்படகில் பலகைக்கும் பலகைக்கும் நடுவில் பருத்தித் திரியை உளியால் அடித்து இறக்கி, மேலே குங்கிலியமும் எண்ணெயும் பூசுவதற்குப் பெயர் கலப்பத்து. அதில் ஒரு சாண் சரியாக இறங்காமல் விட்டால் நடுக்கடலில் நாலு பேர் தண்ணீர் இறைத்துக்கொண்டிருப்பார்கள். என் அப்பா கலப்பத்து அடித்த இடத்தை விரலால் தடவிப் பார்ப்பார். சரியில்லை என்றால் மொத்தமும் பிடுங்கச் சொல்வார். வயதுப் பையன் நான், அழுதிருக்கிறேன். அந்தக் கண்டிப்பு இல்லாவிட்டால் இன்றைக்கு எனக்கு இந்தத் தொழில் இல்லை.

ஒழுங்காகச் செய்ய நினைப்பதை ஒரு நோய் மாதிரிப் பேசாதீர்கள்.

வாடைக்கடல் | செவ்வாய், இரவு 9.15

ஆசாரி அண்ணே, நீங்கள் சொன்னதைப் படித்ததும் எனக்கு ஒரு நிம்மதி வந்தது. நான் செய்வது சரிதான், ஒழுங்குக்காகத்தான் காத்திருக்கிறேன் என்று. அந்த நிம்மதியில் போய் எக்ஸெலில் 15வது பத்தி சேர்த்தேன்.

முண்டுமிளகாய் | செவ்வாய், இரவு 9.17

😂😂 நிலைமை முற்றிவிட்டது.

ராம்நாட்_ஆலோசகர் | செவ்வாய், இரவு 10.30

மனநல ஆலோசனைத் துறையில் இருக்கிறேன். ஆசாரி அண்ணன் சொன்னதும் தம்பி சொன்னதும் வெளியே பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் இரண்டும் வேறு.

1991இல் பால் ஹெவிட், கார்டன் ஃப்லெட் என்ற இரண்டு கனடா உளவியலாளர்கள், எல்லாம் கச்சிதமாக இருக்க வேண்டும் என்கிற இந்தக் குணத்தை மூன்றாகப் பிரித்தார்கள். தானே தனக்கு வைத்துக்கொள்ளும் உயர்ந்த அளவுகோல் ஒன்று. அடுத்தவர்மேல் வைப்பது இரண்டாவது. ஊர் உலகம் தன்னிடம் குறையே இல்லாததை எதிர்பார்க்கிறது என்று நினைத்துக்கொள்வது மூன்றாவது. மூன்றும் ஒரே ஆளிடம் இருக்கலாம், ஆனால் படுத்துகிற விதம் வேறு.

2007இல் பியர்ஸ் ஸ்டீல் என்பவர் வேலையைத் தள்ளிப்போடுவது பற்றி வந்திருந்த ஆய்வுகளையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார். கச்சிதமாகச் செய்ய நினைப்பதற்கும் தள்ளிப்போடுவதற்கும் நாம் நினைக்கிற அளவுக்குத் தொடர்பு இல்லை என்றுதான் அதில் வந்தது. வேலையே கசப்பாக இருப்பது, பலன் ரொம்ப தூரத்தில் இருப்பது, நம்மால் முடியும் என்ற நம்பிக்கை குறைவாக இருப்பது, இவைதான் பெரிய காரணங்கள். ஆசாரி அண்ணனின் அப்பா கண்டிப்பானவர், ஆனால் அவர் உளியைக் கையில் எடுக்காமல் இருந்ததில்லை, கவனியுங்கள்.

தம்பியிடம் ஒரு கேள்வி. அந்தத் தொகுப்பில் பிழை இருந்தால் யார் என்ன சொல்வார்கள் என்று நினைக்கிறீர்கள்? முகம் ஏதாவது தெரிகிறதா?

வாடைக்கடல் | செவ்வாய், இரவு 10.51

தெரிகிறது. கல்லூரியில் தமிழ் எடுத்த ஒருவர். அவருக்கு என்னை ஞாபகம்கூட இருக்காது. அப்புறம் இப்போது தொண்டி அண்ணன் முகமும். பார்த்ததில்லை, ஆனாலும் தெரிகிறது.

தொண்டிக்காரன் | செவ்வாய், இரவு 10.58

என்னை ஏன் இழுக்கிறீர்கள்.

ராம்நாட்_ஆலோசகர் | செவ்வாய், இரவு 11.10

எங்கள் துறையில் செய்யச் சொல்வது ஒரு சின்னப் பரிசோதனை. என்ன நடந்துவிடும் என்று பயப்படுகிறீர்களோ அதை முதலில் ஒரு தாளில் எழுதுங்கள். "பதிவில் காற்று இரைச்சல் வரும், ஒரு சொல்லும் விளங்காது, தாத்தா எரிச்சல்படுவார்" என்பது மாதிரி, குறிப்பாக. பிறகு இரண்டே நிமிடம் பதிவு செய்யுங்கள். நல்ல இடம் தேடாதீர்கள், மைக்கை வேண்டுமென்றே தொடாமல் விடுங்கள். முடிந்ததும் எழுதியதையும் நடந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பயம் சரியாக இருந்தாலும் பரவாயில்லை, எந்த அளவுக்குச் சரி என்று தெரிந்துவிடும்.

முண்டுமிளகாய் | செவ்வாய், இரவு 11.14

இவ்வளவு பேசியும் இன்னும் ஒருத்தரும் கலாம் பெயரை எடுக்கவில்லை. ராமேஸ்வரம் தீவைப் பற்றிய இழையில் இது சாதனை.

பாலத்தடி (பாம்பன்) | புதன், காலை 7.02

எடுத்துவிட்டீர்களே. சரி, நானே சொல்லிவிடுகிறேன்: 1979 ஆகஸ்ட் 10இல் கலாம் தலைமையில் செய்த எஸ்.எல்.வி.-3 ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தது, 1980 ஜூலை 18இல் மேலே போனது. ஆனால் அது ஒரு பெரிய கூட்டம் வருஷக்கணக்கில் செய்த வேலை, "சின்ன அடி" என்று அதை உதாரணம் காட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

எனக்கு நம் பாலம்தான் நினைவுக்கு வருகிறது. தாத்தாவின் ஊரைக் கொண்டுபோன அதே புயல்தான் பாம்பன் ரயில் பாலத்தின் பெரும்பாலான கர்டர்களையும் (உத்திரங்களையும்) கடலில் தள்ளியது. சரிசெய்ய ஆறு மாதம் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். பொறுப்பு ஈ. ஸ்ரீதரன் என்ற இளம் இன்ஜினியரிடம் வந்தது. பின்னாளில் கொங்கண் ரயில், டெல்லி மெட்ரோ கட்டினாரே அவர்தான். புதுக் கர்டர்கள் தயாராகி வரட்டும் என்று உட்காராமல், கடலுக்குள் கிடந்தவற்றையே தேடித் தூக்கி மறுபடி பொருத்தினார்கள். 46 நாளில் ரயில் ஓடியது. எங்கே விழுந்து கிடக்கிறது என்று காட்டிக் கொடுப்பதில் நம் ஆட்களுக்கும் பங்கு உண்டு என்று வீட்டில் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

தாத்தாவிடம் இப்போது எது மிச்சம் இருக்கிறதோ அதைத் தூக்குங்கள். மைக் கிடக்கட்டும்.

கீழக்கரை_சபுராளி | புதன், இரவு 11.40

துபாயிலிருந்து எழுதுகிறேன். தினமும் படிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை.

ஊரில் வீடு கட்ட ஆரம்பித்து ஆறு வருஷம். தளம் போட்டாயிற்று, பூச்சு முடிந்தது, கரண்டும் தண்ணீரும் வந்தாயிற்று. தரைக்கு மட்டும் மனதுக்குப் பிடித்த கல் கிடைக்கவில்லை. ஒவ்வொரு லீவிலும் கடை கடையாகப் பார்ப்பேன். வாப்பா, "சிமென்ட் தரையிலேயே பாய் விரிச்சுப் படுத்துக்கிறேன், குடிபோயிடுவோம்" என்று மூன்று தடவை கேட்டார். எல்லாம் முடியட்டும் வாப்பா, வந்தவர்கள் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்றேன்.

போன வருஷம் வாப்பா மவுத்தாகிவிட்டார். வாடகை வீட்டிலிருந்துதான் தூக்கினோம்.

உம்மா இப்போது அந்த வீட்டில்தான் இருக்கிறார். தரை சிமென்ட்தான்.

ஓலைக்கொட்டான் | வியாழன், காலை 5.55

அழ வைத்துவிட்டீர்கள் தம்பி. உம்மாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

பாசிக்காரி (பாம்பன், சின்னப்பாலம் பக்கம்) | வியாழன், மதியம் 1.30

என் மகள் தட்டச்சு செய்கிறாள், நான் சொல்லச் சொல்ல.

எனக்கு வேலை தெப்பத்தில் கடல்பாசி வளர்ப்பது. 12 அடிக்கு 12 அடி மூங்கில் தெப்பம், குறுக்கே கயிறு கட்டி, கயிற்றில் விதைப்பாசியைத் துண்டு துண்டாக முடிந்து கடலில் விடுவோம். 45 நாளில் அறுப்பு. எங்கள் குழுவில் முதன்முதலில் தெப்பம் கட்டியபோது பாதிப் பேர் நல்லபடியாகப் பழகிக்கொண்டு விடலாம் என்று பயிற்சியிலேயே இருந்தார்கள். நானும் என் நாத்தனாரும் அவசரக்காரிகள், விட்டுவிட்டோம். 20 கயிற்றில் ஏழு கயிற்றில் முடிச்சு அவிழ்ந்து பாசி போய்விட்டது. அடியில் வலை கட்டாததால் மீன் வேறு தின்றது. ஊரே சிரித்தது.

ஆனால் மற்றவர்கள் முதல் தெப்பம் விடுகிற நேரத்தில் நாங்கள் மூன்றாவதை விட்டிருந்தோம். முடிச்சு எவ்வளவு இறுக்கினால் பாசி அறுபடும், எவ்வளவு விட்டால் அவிழும் என்பதைப் பயிற்சியில் யாரும் சொல்லித் தர முடியாது. விரலுக்குத்தான் தெரியும். எங்களுக்கு 45 நாளைக்கு ஒருமுறை புதுத் தெப்பம், அதனால் போனது போகட்டும் என்று விட முடிந்தது. ஆசாரி அண்ணன் சொல்கிற படகு அப்படி இல்லை, அதில் ஆள் போகிறது. அவர் கோபம் நியாயம்தான்.

தம்பி தாத்தாவிடம் நாளைக்கும் பேசலாம் இல்லையா? அப்படியானால் உங்களுடையது தெப்பம்தான்.

உளியும்சுத்தியலும் | வியாழன், இரவு 8.20

அக்கா சொன்னதை இரண்டு தடவை படித்தேன்.

என் பதிவைப் பிடித்துக்கொண்டு தம்பி 15வது பத்தி சேர்த்தது எனக்கு உறுத்தலாக இருக்கிறது. அதனால் மீதியையும் சொல்லிவிடுகிறேன். கலப்பத்து அடித்து முடித்ததும் படகு முடிந்துவிட்டது என்று எந்த ஆசாரியும் சொல்ல மாட்டான். தண்ணீரில் இறக்கி வெள்ளோட்டம் விடுவோம். எவ்வளவு நன்றாக அடித்தாலும் முதல் நாள் கசியும். கசிகிற இடத்தில் சாக்பீஸால் குறி போடுவோம். பாதிக் கசிவு தானாக நின்றுவிடும், ஏனென்றால் பலகை தண்ணீர் குடித்து ஊதி ஒன்றோடொன்று நெருங்கும். மீதிக்கு மறுபடி கரையேற்றி உளி. எங்கே ஒழுகும் என்று கடல் சொல்லாமல் எனக்குத் தெரியாது, என் அப்பாவுக்கும் தெரியாது.

இன்னொன்று. மரப்படகை இறக்காமல் கரையிலேயே வெயிலில் போட்டு வைத்தால் பலகை காய்ந்து சுருங்கி, மூட்டு எல்லாம் வாய் திறந்துவிடும். நல்ல வேலைப்பாடு உள்ள படகும் அப்படித்தான். கரையில் நிற்க நிற்கப் படகு கெடும். (இதெல்லாம் மரத்துக்கு. பைபருக்கு இந்தப் பிரச்சினை இல்லை, எங்களுக்கும் அதனால் வேலை இல்லை. அது தனிக் கதை.)

என் அப்பா கண்டித்தது உளி இறங்கிய பிறகு. அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

வாடைக்கடல் | வெள்ளி, இரவு 10.05

செய்தேன்.

தாளில் எழுதியது: காற்று இரைச்சல் வரும், தாத்தா பேச மாட்டார், என் குரல் கேவலமாக இருக்கும்.

நடந்தது: காற்று இரைச்சல் வந்தது. தாத்தா பேசினார். என் குரல் கேவலமாகத்தான் இருந்தது. 1 நிமிடம் 50 நொடி. கச்சானை (மேற்குக் காற்றை) பற்றிக் கேட்டேன், நடுவில் அம்மா குக்கரை இறக்கச் சொல்லிக் கூப்பிட்டாள், ஒரு ஆடு வேறு.

மூன்று முறை கேட்டேன். நன்றாக இல்லை. நாளைக்கு ஒழுங்காகச் செய்யலாம் என்று அழித்துவிட்டேன்.

முண்டுமிளகாய் | வெள்ளி, இரவு 10.06

டேய்.

ஓலைக்கொட்டான் | வெள்ளி, இரவு 10.11

என்ன தம்பி இது.

பாலத்தடி | வெள்ளி, இரவு 10.14

உடனே போனில் ரெக்கார்டர் செயலியைத் திறந்து, அழித்தவை என்று ஒரு கோப்புறை இருக்கிறதா பாருங்கள். பல போன்களில் கொஞ்ச நாளைக்கு அங்கேயே கிடக்கும்.

வாடைக்கடல் | வெள்ளி, இரவு 10.19

இருக்கிறது!! மீட்டுவிட்டேன். கை நடுங்குகிறது.

ராம்நாட்_ஆலோசகர் | வெள்ளி, இரவு 10.40

நல்லது. ஒரு சின்ன விதி வைத்துக்கொள்ளுங்கள்: பதிவு செய்த அன்றைக்கு அதைக் கேட்கக் கூடாது. கேட்பதும் திருத்துவதும் வேறு நாள். செய்கிறவனும் குறை கண்டுபிடிக்கிறவனும் ஒரே நேரத்தில் வீட்டில் இருந்தால் சண்டைதான்.

பாலத்தடி | வெள்ளி, இரவு 10.55

காற்றுக்கு ஒரு வழி. காற்றுக்கு முதுகைக் காட்டி உட்காருங்கள், போனின் மைக் ஓட்டைமேல் ஒரு மெல்லிய கைக்குட்டையை மடித்துப் பிடியுங்கள். முழுதாகப் போகாது, ஆனால் பேச்சு விளங்கும்.

அப்புறம், பாம்பனில் கடல் ஓசை 90.4 சமுதாய வானொலி 2016இலிருந்து ஓடுகிறதே, கேட்டிருப்பீர்கள். மீனவர்களுக்கான வானொலி, பேசுகிறவர்களும் நம் கரையோர ஆட்கள்தான். யாரும் செய்தி வாசிப்பாளர் மாதிரிப் பேசுவதில்லை, யாரும் ரேடியோவை அணைப்பதுமில்லை. கொஞ்சம் பதிவு சேர்ந்ததும் அங்கே போய்ப் பேசிப் பாருங்கள்.

தொண்டிக்காரன் | சனி, காலை 8.00

"அலை ஓய்ந்து தலை முழுகுவதா" என்று சும்மாவா சொன்னார்கள்.

முண்டுமிளகாய் | சனி, காலை 8.21

அந்தப் பழமொழி சொன்னவர் அக்னி தீர்த்தம் பார்த்ததில்லை. அங்கே அலையே கிடையாது, குளம் மாதிரி கிடக்கும். அப்படியும் எத்தனை பேர் கரையில் நின்று கால் கட்டைவிரலை மட்டும் நனைத்து "குளிருமோ" என்று யோசிக்கிறார்கள். அலை இல்லையென்றால் ஆளுக்கு வேறு காரணம் கிடைக்கும்.

வாடைக்கடல் | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 6.30

தகவல் சொல்லாமல் இருந்ததற்கு மன்னிக்கவும். 11 பதிவுகள் ஆகிவிட்டன. பெரியது 26 நிமிடம், சின்னது 40 நொடி (தாத்தா தூங்கிவிட்டார்). நடுவில் ஐந்து நாள் ஒன்றுமே செய்யவில்லை. பழைய புத்தி வந்து மைக்கைத் தூசி தட்டிக்கொண்டிருந்தேன். ஆறாவது நாள் தாத்தாவே "என்னப்பா, பெட்டியைக் கொண்டு வரலையா" என்றார். போனைத்தான் பெட்டி என்கிறார்.

நீங்கள் கேட்கலாம் என்பதற்காக ஒன்றை விளக்கமாகச் சொல்கிறேன். என் 15 பத்திகளும் வீண். முதல் பத்தி 'சொல்', இரண்டாவது 'பொருள்' என்று வைத்திருந்தேன். முதல் பதிவில் அப்படித்தான் கேட்டேன்: "கச்சான் என்றால் என்ன தாத்தா?" "காத்து." "என்ன காத்து?" "கச்சான் காத்து." முடிந்தது. நாலு வருஷம் உட்கார்ந்து போட்ட திட்டம் நாலு நொடியில் போயிற்று.

மூன்றாவது பதிவில் தற்செயலாக வேறு மாதிரிக் கேட்டேன். கச்சான் பலமாக அடித்த நாளில் என்ன செய்வீர்கள் என்று. அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. தென்கடல் (மன்னார் வளைகுடா) குழம்பிப்போகும், அதனால் படகை வடகடல் (பாக் நீரிணை) பக்கம் கொண்டுபோவோம், அதற்குப் பாலத்தடியில் நுழைய வேண்டும், அங்கே நீவாடு எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பார்த்துத்தான் நுழைய வேண்டும், பார்க்காமல் நுழைந்த ஒருத்தனுக்கு என்ன ஆனது, அவன் சம்மாட்டி (படகு முதலாளி) அவனை என்ன சொல்லித் திட்டினார், அந்தத் திட்டில் வந்த சொற்கள் (எழுத முடியாது). வாடை வந்ததும் எல்லாம் தலைகீழ், வடகடல் மூடும், தென்கடலுக்கு வருவோம். காற்றின் பெயர் அவருக்கு ஒரு சொல் இல்லை, அன்றைக்கு எந்தக் கடலில் வலை என்பது. இதற்கு எந்தப் பத்தியில் இடம் இருக்கிறது?

எக்ஸெலை மூடிவிட்டேன். இப்போது ஒரு நோட்டு. பதிவு எண், எந்த நிமிடத்தில் என்ன பேச்சு, அவ்வளவுதான். சோளகம், சோழகம் இரண்டையும் எழுதி வைக்கிறேன்.

ஏழாவது பதிவில் தானாகவே முள்ளுவாளை என்றார், கருவாட்டுக் கதை ஒன்றில். நான் ஒன்றும் சொல்லவில்லை. நிமிடத்தை மட்டும் குறித்துக்கொண்டேன்.

மூன்றாவது பதிவை இங்கே இணைத்திருக்கிறேன். ஆடு இதில் இல்லை, ஆனால் சுத்தியல் சத்தம் இருக்கிறது. ஆசாரி அண்ணே, அது நீங்களா?

உளியும்சுத்தியலும் | ஞாயிறு, மாலை 7.10

தங்கச்சிமடத்தில் எனக்கு இப்போது வேலை இல்லை. ஆனால் கேட்டேன். அடிக்கிறவன் நல்ல கைக்காரன், தாளம் மாறவில்லை.

கீழக்கரை_சபுராளி | ஞாயிறு, இரவு 9.30

ரூமில் நாலு பேர் சேர்ந்து கேட்டோம். ஒருத்தர் ஏர்வாடி, ஒருத்தர் பெரியபட்டினம். சம்மாட்டி திட்டு வருகிற இடத்தில் மறுபடி போடச் சொன்னார்கள்.

பாசிக்காரி | திங்கள், காலை 6.15

பாலத்தடியில் நீவாடு பற்றிச் சொன்னது அப்படியே உண்மை. என் மாமனாரும் இதையேதான் சொல்வார். அடுத்த தடவை கடல் பாசி பறித்ததைப் பற்றியும் தாத்தாவிடம் கேளுங்கள். ஆம்பளைகள் சொல்வதை நாங்கள் திருத்திக்கொள்கிறோம்.

தொண்டிக்காரன் | திங்கள், காலை 9.44

முழுதும் கேட்டேன். நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரு இடத்தில் தாத்தா சொல்வது தப்பு. கச்சான் அடித்தால் கடல் குழம்பும் என்கிறார். எங்கள் பக்கம் கச்சான் கரையிலிருந்து கடலுக்குப் போகிற காற்று. அது அடிக்கும்போது கரையோரம் தட்டு மாதிரி அமைதியாகக் கிடக்கும்.

வாடைக்கடல் | திங்கள், காலை 9.50

அண்ணே, தப்பு இல்லை, உங்கள் கடல் வேறு பக்கம் பார்க்கிறது. தாத்தா தென்கடலைச் சொல்கிறார். உங்கள் வீட்டில் கடலுக்குப் போன பெரியவர்கள் யாராவது இருக்கிறார்களா?

தொண்டிக்காரன் | திங்கள், காலை 9.53

அப்பா இருக்கிறார். 78 வயது.

வாடைக்கடல் | திங்கள், காலை 9.54

அவரை இதையே பேசச் சொல்லி ஒரு நிமிடம் பதிவு செய்து போடுங்களேன்.

தொண்டிக்காரன் | திங்கள், காலை 10.20

செய்யலாம். முதலில் நல்ல மைக் ஒன்று பார்க்க வேண்டும். நீங்கள் வாங்கியது எந்தக் கம்பெனி?

முண்டுமிளகாய் | திங்கள், காலை 10.21

🤦

வாடைக்கடல் | திங்கள், காலை 10.22

போன் இருக்கிறதா அண்ணே?

தொண்டிக்காரன் | திங்கள், காலை 10.31

இருக்கிறது. சார்ஜ்தான் இல்லை.